ஒரே தண்ணீர், ஒரே எண்: வன்னியில் பாடசாலைகளையும் பல்கலைக்கழக ஆய்வுகூடங்களையும் இணைப்பது எப்படி

முல்லைத்தீவில் ஒரு பாடசாலையும் மடுவில் ஒரு பாடசாலையும் ஒரே போத்தல் தண்ணீரை அளந்து இரண்டு எண்களைச் சொன்னால், அவற்றுக்கிடையே எத்தனை புரிந்துணர்வு உடன்படிக்கைகள் கைச்சாத்தாகியிருந்தாலும் கூட்டு ஆய்வு இன்னும் தொடங்கவில்லை. இரண்டும் ஒரே எண்ணைச் சொல்லும் நாளில்தான் அது தொடங்குகிறது. கீழே உள்ள வழிமுறை முழுவதும் அந்த நாளை நோக்கியே போகிறது.

வன்னியில் ஆய்வுக்கு வேண்டிய உறுப்புகள் ஏற்கெனவே இருக்கின்றன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள் கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்குகின்றன. முன்பு வவுனியா வளாகமாக இருந்தது 2021 ஓகஸ்ட் 1 முதல் தனிப் பல்கலைக்கழகமாகி, மன்னார் வீதியில் பம்பைமடுவில் நிற்கிறது. உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ள 1ஏபி பாடசாலைகள் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகிய நான்கு மாவட்டங்களிலும் உள்ளன. விவசாயத் திணைக்களமும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளும் உண்டு. ஆளும் உண்டு, இடமும் உண்டு. ஒன்றின் தரவை மற்றது நம்பிப் பயன்படுத்தும் வழக்கம்தான் இல்லை.

கேள்வி முதலில், கருவி பிறகு

வழமையில் இது தலைகீழாக நடக்கும். யாரோ ஒரு பெட்டி உபகரணம் தருவார்கள், கையளிப்பு விழா நடக்கும், ஆறு மாதத்தில் பெட்டி அலுமாரிக்குள் போய்விடும். கேள்வியைத் தெரிந்தெடுத்த பிறகே கருவிப் பட்டியலை எழுதுங்கள். கேள்வி மூன்று பேருக்குப் பயன்பட வேண்டும்: மாணவர் சைக்கிளில் போய் அளக்கக்கூடியதாக இருக்க வேண்டும், பல்கலைக்கழக இறுதியாண்டு மாணவர் ஒருவர் அதை வைத்து ஆய்வேடு எழுதக்கூடியதாக இருக்க வேண்டும், ஊரில் யாராவது விடைக்காகக் காத்திருக்க வேண்டும். மூன்றாவது இல்லாவிட்டால் முதலிரண்டும் ஓராண்டுக்கு மேல் ஓடாது.

வன்னிக்கு இந்த மூன்றும் பொருந்துவது கிணற்று நீர். வவுனியாப் பக்கம் கடினப் பாறை நிலம். அங்கே புளோரைட்டும் வன்மையும் (கரைந்த கல்சியம், மகனீசியத்தின் அளவு) கேள்வி. மன்னார், முல்லைத்தீவுக் கரையோரங்களில் உவர். தோட்டம் செய்பவருக்கு மின்கடத்துதிறன், அதாவது கரைந்த உப்பின் அளவுகோல், வேண்டும்: சென்ரிமீற்றருக்கு 700 மைக்ரோசீமன்ஸுக்குக் கீழே என்றால் எந்தப் பயிருக்கும் கவலையில்லை, 3000 தாண்டினால் பெரும்பாலான பயிர்களுக்குச் சிக்கல். குடிப்பவருக்கு இலங்கைக் குடிநீர் நியமமான எஸ்.எல்.எஸ். 614 வேண்டும்: புளோரைட்டு லீற்றருக்கு 1.0 மில்லிகிராம், மொத்த வன்மை 250, நைத்திரேற்று 50, பீ.எச். 6.5 முதல் 8.5 வரை. குளத்து நீர்மட்டம், வயல் மண்ணின் உவர்த்தன்மை போன்றவையும் நல்ல கேள்விகளே. ஆனால் ஆண்டுக்கு ஒன்றை மட்டும் எடுங்கள்.

மேசைக்கு நாலு பேர் போதும்

ஆய்வுகூடத்தின் திறப்பு யார் கையில் இருக்கிறதோ அந்த விரிவுரையாளர், வலயத்தின் விஞ்ஞான ஆசிரிய ஆலோசகர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவர், முன்னோடிப் பாடசாலையின் இரசாயனவியல் ஆசிரியர். முதல் கூட்டத்துக்குப் பன்னிரண்டு அதிபர்களையும் இரண்டு பீடாதிபதிகளையும் கூப்பிட்டால் உரைகள்தான் கிடைக்கும். அதேவேளை ஆய்வுகூடத் தொழில்நுட்ப உத்தியோகத்தரை விட்டுவிடாதீர்கள். கரைசல் தயாரிப்பதும் போத்தல் கழுவுவதும் அவர் தலையில்தான் விழும். அவருடைய நேரம் துறைத் தலைவரின் கடிதத்தில், மாதத்துக்கு இத்தனை மணி என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

அனுமதி மாகாணக் கல்விப் பணிப்பாளருக்கு எழுதி, வலயக் கல்விப் பணிப்பாளர் வழியாக அதிபருக்கு வருவதே சரியான பாதை. அதிபரின் வாய்ச்சொல்லை நம்பித் தொடங்கிய வேலை, அதிபர் மாறியதும் நின்றுவிடும். பெற்றோரின் சம்மதக் கடிதம் தனியாக வேண்டும்.

உடன்படிக்கை ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். நான்கு விடயங்கள் அதில் கட்டாயம்: தரவு யாருடையது, கட்டுரை வெளிவந்தால் பாடசாலையின் பெயர் எங்கே வரும், பஸ் செலவு யார் தருவது, பொறுப்பாசிரியர் இடமாற்றம் பெற்றால் அடுத்தவர் யார். கடைசி விடயம் சின்னதாகத் தெரியும், ஆனால் வன்னியில் இப்படிப்பட்ட வேலைகள் இடமாற்றத்தில்தான் அதிகம் சாகின்றன. கஷ்டப் பிரதேச சேவையை முடித்து ஆசிரியர் ஊருக்குப் போவது அவர் உரிமை. அவரோடு பதிவேடும் கடவுச்சொல்லும் போவதைத்தான் தடுக்க வேண்டும். பாடசாலைக்கு இரண்டு ஆசிரியர், அவர்களில் ஒருவராவது உள்ளூர்க்காரர்.

அளவு

முதலாண்டுக்கு 12 பாடசாலை, பாடசாலைக்கு 10 கிணறு, ஆண்டுக்கு இரண்டு சுற்று. முதல் சுற்று செப்டெம்பர் கடைசியில், மாரி மழைக்கு முன், நீர்மட்டம் அடியில் கிடக்கும்போது. இரண்டாவது பெப்ரவரி கடைசியில், மழை ஓய்ந்த பின். பெப்ரவரியில் இல்ல மெய்வல்லுநர் போட்டிகள் குறுக்கிடும். ஆகவே சனிக்கிழமைக் காலைகளை டிசெம்பருக்கு முன்பே அதிபரின் நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.

ஒரு பாடசாலைக்கு, ஒரு சுற்றுக்கு 12 போத்தல்: பத்துக் கிணறு, ஒரு கிணற்றின் இரட்டை மாதிரி ஒன்று, வடித்த நீரை நிரப்பி வெளியே கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவரும் வெற்று மாதிரி ஒன்று. மொத்தம் 144, உடைவு, ஒழுக்குக்கும் சேர்த்து 160 வாங்குங்கள். 500 மில்லிலீற்றர் பொலித்தீன் போத்தல் நல்லது. கிடைக்காவிட்டால் குடிநீர் விற்கும் போத்தல்களைக் கழுவிப் பாவிக்கலாம். சோடாப் போத்தல் வேண்டாம். அமில எச்சம் இலகுவில் போகாது.

வன்மை நியமிப்புக்கு (நிறம் மாறும் வரை கரைசலைத் துளித்துளியாக விட்டு அளத்தல்) கல்சியத்தையும் மகனீசியத்தையும் பிடிக்கும் ஈ.டி.டி.ஏ. கரைசல், 0.01 மோல். இருசோடியம் உப்பின் இருநீரேற்று 3.722 கிராமைக் கரைத்து ஒரு லீற்றராக்கினால் சரி. ஒரு மாதிரிக்கு மூன்று நியமிப்பு, ஒவ்வொன்றுக்கும் சராசரி 20 மில்லிலீற்றர் என்று பார்த்தால் ஒரு பாடசாலைக்கு ஒரு சுற்றுக்கு ஒரு லீற்றர் போதும். பன்னிரண்டு லீற்றருக்கு 45 கிராம். நூறு கிராம் போத்தல் ஒன்று ஓராண்டுக்குக் காணும். எல்லாவற்றையும் ஒரே தொகுதியாகப் பல்கலைக்கழகத்தில் தயாரித்துப் பிளாத்திக்குப் போத்தலில் அனுப்புங்கள். கண்ணாடியில் வைத்தால் கண்ணாடியிலிருந்தே கல்சியம் கரைந்து கரைசல் மெலியும், வாசிப்பு ஏறும்.

பீ.எச்.ஐ 10இல் நிறுத்திவைக்கும் தாங்கற் கரைசலையும் பாடசாலையில் தயாரிக்க விடாதீர்கள். அதற்குச் செறிந்த அமோனியா வேண்டும். காற்றோட்டம் இல்லாத ஆய்வுகூடத்தில் அது கண்ணையும் தொண்டையையும் பதம் பார்த்துவிடும். முடிவை நிறமாற்றத்தால் காட்டும் எரியோக்குரோம் பிளாக் ரீ காட்டியைக் கரைசலாக வைத்தால் சில வாரங்களில் கெட்டுவிடும். அரைக் கிராமை 100 கிராம் தூய சோடியம் குளோரைட்டோடு அரைத்து உலர்தூளாகக் கொடுங்கள், மாதக்கணக்கில் இருக்கும்.

எண் ஒன்றாக வேண்டும்

முழு வேலையிலும் அதிக நேரம் தகுவது இந்தப் பகுதிக்குத்தான். கிணற்றடிக்குப் போக மூன்று வாரத்துக்கு முன், பல்கலைக்கழகம் ஒரே கலத்தில் 10 லீற்றர் 'மறைமாதிரி' செய்ய வேண்டும். கிணற்று நீரைப் பாவிக்காதீர்கள். நிற்க நிற்கச் சுண்ணாம்பு படிந்து வன்மை குறையும். வடித்த நீரில் கல்சியம் குளோரைட்டு இருநீரேற்று 2.2 கிராம், மகனீசியம் சல்பேற்று எழுநீரேற்று 2.46 கிராம். வன்மை ஏறக்குறைய 250 வரும். கல்சியம் குளோரைட்டு ஈரம் குடிக்கும் உப்பு என்பதால் நிறையை வைத்து எண்ணை நம்பாமல், ஆய்வுகூடத்தில் ஐந்து முறை நியமித்துக் கிடைக்கும் சராசரியை உண்மைப் பெறுமானமாக எடுங்கள். மகனீசியம் ஏன் என்றால், அது இல்லாத கரைசலில் இந்தக் காட்டியின் நிறமாற்றம் தெளிவாக இராது. மாணவர் முடிவுப்புள்ளியைத் தாண்டிப் போவர்.

பன்னிரண்டு பாடசாலைக்கும் இரண்டு பல்கலைக்கழக ஆய்வுகூடங்களுக்கும் அரை லீற்றர் வீதம், பெறுமானம் சொல்லாமல் அனுப்புங்கள். எல்லாரும் ஒரே புதன்கிழமை அளக்கட்டும். முறை இதுதான்: கூம்புக் குடுவையில் 50 மில்லிலீற்றர் மாதிரி, ஒரு மில்லிலீற்றர் தாங்கற் கரைசல், கடுகளவு காட்டித்தூள். வைன் சிவப்பிலிருந்து கடைசிச் செம்மை போய் முழு நீலமாகும் வரை அளவி என்ற அளவுக்குழாயிலிருந்து ஈ.டி.டி.ஏ.யை விடுங்கள். தாங்கற் கரைசல் சேர்த்து ஐந்து நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். தாமதித்தால் கல்சியம் காபனேற்று படியும். அளவி வாசிப்பை 20ஆல் பெருக்கினால் வன்மை. 250 என்றால் 12.5 மில்லிலீற்றர் போக வேண்டும்.

மின்கடத்துதிறன் மானியை அளவுதிருத்த ஒரு லீற்றரில் 0.746 கிராம் பொற்றாசியம் குளோரைட்டு. 25 பாகையில் 1413 மைக்ரோசீமன்ஸ் காட்ட வேண்டும். பாடசாலைக்கு 100 மில்லிலீற்றர் போதும். மானியை நனைத்த கரைசலைப் போத்தலுக்குள் திருப்பி ஊற்றக் கூடாது என்பதை முதல்நாளே சொல்லிவிடுங்கள்.

வன்மை பத்து வீதத்துக்குள்ளும் மின்கடத்துதிறன் ஐந்து வீதத்துக்குள்ளும் வந்த பாடசாலைதான் கிணற்றுக்குப் போகலாம். வராதவற்றைத் திட்டாமல் எண்ணைப் படியுங்கள். பிழை தன் பெயரைத் தானே சொல்லும். வன்மை சரியாகப் பாதி என்றால் 25 மில்லிலீற்றர் குழாயியைப் பாவித்துவிட்டு 20ஆல் பெருக்கியிருக்கிறார்கள். மூன்று நியமிப்பும் சிதறினால் முடிவுப்புள்ளி பிடிபடவில்லை. குடுவைக்கு அடியில் வெள்ளைத் தாள் வைக்கச் சொல்லுங்கள். மூன்றும் ஒத்துப்போய், ஆனால் உயர்வாக இருந்தால் கரைசல் மெலிந்திருக்கலாம், அல்லது குடுவையைக் குழாய்த் தண்ணீரில் கழுவியிருக்கலாம். மின்கடத்துதிறன் பத்து வீதம் கூட என்றால் மானிக்கு வெப்பநிலைத் திருத்தம் இல்லை: பாகைக்கு ஏறக்குறைய இரண்டு வீதம் ஏறும், நம் ஊர்த் தண்ணீர் 25ஐ விட நாலைந்து பாகை சூடு. பாதியாக வந்தால் மானி கரைந்த திண்மத்தை (டி.டி.எஸ்.) காட்டும் நிலையில் நிற்கிறது. அந்த நிலையைப் பாவிக்கவே வேண்டாம். சில மானிகள் மின்கடத்துதிறனை 0.5ஆல் பெருக்கும், சில 0.7ஆல்; ஒரே தண்ணீர் ஒன்றில் 500, மற்றதில் 700. பாடசாலைகளின் தரவு ஒட்டாமல் போவதற்கு இதைவிட அற்பமான காரணம் கிடையாது, இதைவிட அடிக்கடி நடப்பதும் கிடையாது.

கிணற்றடியில்

பாவனையில் உள்ள, கட்டு உள்ள கிணறுகள் மட்டும். கைவிடப்பட்ட வளவுகளுக்குள்ளும் பற்றை மூடிய கிணறுகளுக்கும் போகக் கூடாது. கண்ணிவெடி அகற்றும் பணி வன்னியில் பல ஆண்டுகள் இழுத்த வேலை. எச்சரிக்கைப் பலகை இல்லாத இடமெல்லாம் பாதுகாப்பான இடம் என்று பொருளில்லை. கட்டுத் தாழ்ந்த கிணற்றில் ஆசிரியரே மாதிரி எடுக்க வேண்டும்.

திறந்த கிணற்றில் மேல்படையைத் தவிர்த்து 30 சென்ரிமீற்றர் ஆழத்தில் எடுங்கள். கல் கட்டிய போத்தல் இதற்குப் போதும். வீட்டுக்காரரின் வாளியால் எடுத்தால் வாளியில் ஒட்டியிருக்கும் சவர்க்காரமும் மாதிரியில் சேரும். குழாய்க்கிணற்றில் ஐந்து நிமிடம் பம்பியடித்து, மின்கடத்துதிறன் அடுத்தடுத்து மூன்று வாசிப்பில் மாறாதபோது எடுக்கலாம். போத்தலை அதே நீரால் மூன்று முறை அலசி, காற்றுக்குமிழ் இல்லாமல் நிரப்புங்கள். குறியீட்டைப் போத்தலின் உடலில் எழுத வேண்டும், மூடியில் எழுதக் கூடாது, மூடிகள் மாறும். பீ.எச்., வெப்பநிலை, மின்கடத்துதிறன் மூன்றையும் அங்கேயே அளந்து, நிறை கட்டிய அளவுநாடாவால் கட்டின் மேல்விளிம்பிலிருந்து நீர்மட்டம் வரை அளந்து எழுதுங்கள். கட்டின் உயரத்தையும் எழுத மறந்தால் அந்த நீர்மட்டம் பயனில்லை.

எட்டாம், ஒன்பதாம் தரப் பிள்ளைகள் ஆழமும் வெப்பநிலையும் அளக்கட்டும். நியமிப்பு உயர்தரத்தாருக்கு. கோலிபோம் போன்ற நுண்ணுயிர்ச் சோதனையில் பாடசாலை கைவைக்க வேண்டாம். கிருமிநீக்கிய போத்தல், சில மணி நேரத்துக்குள் ஆய்வுகூடம் என்று அதன் கட்டுப்பாடுகள் வேறு. அது பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் வேலை.

பெட்டி போகும் பாதை

நைத்திரேற்று குளிரில் 48 மணி நேரத்துக்கு மேல் தாங்காது. புளோரைட்டு பிளாத்திக்குப் போத்தலில் 28 நாள் அப்படியே இருக்கும். இந்த வித்தியாசம்தான் போக்குவரத்தைத் தீர்மானிக்கிறது. முதலாண்டில் நைத்திரேற்றை விட்டுவிடுவதே புத்தி. அதைச் செய்துதான் ஆக வேண்டும் என்றால் ஐஸ் போட்ட ரெஜிபோம் பெட்டி அன்று மாலையே புறப்பட வேண்டும். முல்லைத்தீவு, துணுக்காய்ப் பெட்டிகள் மாங்குளத்தில் சேரலாம். முல்லைத்தீவு வீதி அங்கேதான் ஏ9ஐத் தொடுகிறது. அங்கிருந்து அறிவியல் நகர். மன்னார், மடுப் பெட்டிகள் நேரே பம்பைமடு. பெட்டியை பஸ்ஸில் தனியே ஏற்றிவிடாமல் ஒருவர் கூடப் போக வேண்டும். அவரது டிக்கெட் காசு உடன்படிக்கையில் இருந்தால் வாதம் இல்லை.

ஆய்வுகூடத்தில் புளோரைட்டு மின்வாயால் அளக்கப்படும்: 25 மில்லிலீற்றர் மாதிரியும் அதே அளவு அயன்வலிமைத் தாங்கற் கரைசலும் பிளாத்திக்கு முகவையில். நியமங்கள் 0.2, 1, 5 மில்லிகிராம். பத்து மடங்குக்கு 54 முதல் 60 மில்லிவோல்ற்று சாய்வு வராவிட்டால் மின்வாயைக் கவனியுங்கள். குளிரூட்டியிலிருந்து எடுத்த மாதிரியை உடனே அளக்காமல் நியமங்களின் வெப்பநிலைக்கு வர விடுங்கள். அளக்கும் நாளில் ஒவ்வொரு பாடசாலையிலிருந்தும் இரண்டு மாணவர் அங்கே நிற்க வேண்டும். தங்கள் போத்தல் எண்ணாக மாறுவதைப் பார்க்காத பிள்ளைக்கு இது வெறும் தண்ணீர் சுமக்கிற வேலைதான்.

தரவு

கோபோ ரூல்பொக்ஸ் போன்ற செயலியில் தமிழிலேயே படிவம் செய்யலாம், சிக்னல் இல்லாத இடத்திலும் நிரப்பலாம். ஆனால் மூலப்பிரதி கடதாசிப் பதிவேடுதான். அது அதிபரின் அலுமாரியில் இருக்கும். அளக்காத இடத்தை வெறுமையாக விடுங்கள், பூச்சியம் போடாதீர்கள். அகலாங்கு ஏறக்குறைய 8.6 முதல் 9.7, நெட்டாங்கு 79.7 முதல் 81.0, இதற்கு வெளியே விழும் புள்ளி வன்னியில் இல்லை, பெரும்பாலும் இரண்டு எண்களும் இடம் மாறியிருக்கும். இரட்டை மாதிரிகளின் வித்தியாசத்தைப் பத்தாம் தரக் கணித பாடத்துக்குக் கொடுத்துவிடுங்கள். பாடநூலின் கற்பனைத் தரவைவிட நல்லது. பொறியியல் பீடத்தோடு சேர்ந்து தானியங்கி நீர்மட்ட உணரி பொருத்தும் ஆசை எல்லாருக்கும் வரும். இரண்டாமாண்டு வரை பொறுங்கள். வெயிலும் உவரும் இணைப்புகளைத் தின்னும். கையால் அளந்த ஓராண்டுத் தரவு இல்லாமல் உணரி சொல்வது சரியா என்று பார்க்கவும் வழியில்லை.

விடையைத் திருப்பிக் கொடுத்தல்

கிணற்றுக்காரருக்கு ஆறு வாரத்துக்குள் ஒரு தாள் போக வேண்டும்: அளந்த பெறுமானம், நியமம், என்ன செய்யலாம். புளோரைட்டு 1.0ஐத் தாண்டிய கிணறு என்றால் முதலில் மறுமாதிரி, பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வழியாகத் தகவல். பிள்ளைகள் வீட்டில் போய் "உங்கட கிணறு கூடாது" என்று சொல்லிவிட்டு வரக் கூடாது. கொதிக்க வைத்தால் புளோரைட்டு போகாது, நீர் ஆவியாகி இன்னும் செறியும் என்பதைத் தாளில் எழுதுங்கள். சிறுநீரக நோயைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். காரணம் தெளிவாகத் தெரியாத அந்த நோய்க்கு ஒரு கிணற்றைக் குற்றவாளியாக்க இந்தத் தரவால் முடியாது. பொதுவில் போடும் வரைபடத்தில் புள்ளிகளை கிராம அலுவலர் பிரிவளவில் சேர்த்துக் காட்டுங்கள், வீட்டை அடையாளம் காணும்படி வேண்டாம்.

இரண்டாமாண்டுக் காசு

பழைய மாணவர் சங்கமும் புலம்பெயர் உறவுகளும் மானி வாங்கித் தர முன்வருவார்கள். விழாவில் மானிதான் படத்தில் விழும். அவர்களிடம் மூன்றாண்டுக்கான கரைசல், மின்வாய், பஸ் செலவு கேளுங்கள். பீ.எச். மின்வாய் ஒன்றிரண்டு ஆண்டில் தேயும் பொருள். அதை உலர விட்டால் அதற்கு முன்னரே போய்விடும். மூடிக்குள் மூன்று மோல் பொற்றாசியம் குளோரைட்டு இருக்க வேண்டும், வடித்த நீர் இருக்கக் கூடாது. பல்கலைக்கழகக் கொள்வனவில் விலைமனு கோரலிலிருந்து பொருள் வரும்வரை மாதங்கள் போகும். செப்டெம்பர்ச் சுற்றுக்கான ஈ.டி.டி.ஏ.க்கு மார்ச்சிலேயே கோரிக்கை எழுதுங்கள். அதே மாதத்தில் பொறுப்பாசிரியர் இருவரும் இன்னும் அதே பாடசாலையில்தான் இருக்கிறார்களா என்று பன்னிரண்டு தொலைபேசி அழைப்பு எடுத்துவிடுங்கள். புதியவர் வந்திருந்தால் அவருக்கு முதலில் போக வேண்டியது மறைமாதிரிப் போத்தல்.